அக்டோபரிலேயே பனிப்புயல் வருமா? பெரியவர்கள் சொல்லும் பழைய வானிலையை எவ்வளவு நம்பலாம்?

வெள்ளகோயில் தோட்டக்காரர்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. என் மகளும் மாப்பிள்ளையும் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ பக்கம் குடியிருக்கிறார்கள். மகளுக்கு அக்டோபர் கடைசியில் பிரசவத் தேதி கொடுத்திருக்கிறார்கள். நானும் வீட்டுக்காரியும் செப்டம்பர் கடைசியில் போய் இறங்கி பொங்கலுக்குத் திரும்பி வருவதாகத் திட்டம். பெரிய பனியெல்லாம் டிசம்பரில்தான், அதற்குள் குழந்தைக்கு ஒரு மாசம் ஆகிவிடும் என்று மாப்பிள்ளை தைரியம் சொல்லியிருந்தார்.

போன வாரம் அவர்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா பேச்சுவாக்கில் 2006 அக்டோபர் கதையைச் சொல்லியிருக்கிறார். ராத்திரியோடு ராத்திரியாகப் பனி கொட்டி, தெருவில் ஒரு மரம் பாக்கியில்லாமல் கிளை முறிந்து, கரண்ட் வரப் பத்து நாள் ஆனதாம். அப்படி ஒன்றை அதற்கு முன் பார்த்ததே இல்லை என்கிறார். ஆனால் வீட்டு ஓனர், அவரும் அங்கேயே பிறந்து வளர்ந்தவர், "நாங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அக்டோபர் கடைசியில் வருகிற ஹாலோவீன் பண்டிகைக்கு எப்போதும் பனி விழும், இப்போதுதான் குறைந்துவிட்டது" என்கிறாராம். இரண்டில் எதை எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் மகள் தினமும் போனில் புலம்புகிறாள்.

இங்கே என் அம்மாவும் இதே மாதிரிதான். எண்பதைத் தாண்டியவர். "ஐப்பசி பிறந்தால் பத்து நாள் சூரியனையே பார்க்க மாட்டோம், தட்டுப்போர் நனைந்து உள்ளேயே புழுங்கிப் போகும், அந்த மழை இப்போ எங்கே" என்பார். அதே வாயால், குடிக்கிற தண்ணீருக்கு நாலு மைல் நடந்த கதையையும் சொல்வார். வெள்ளகோயில், மூலனூர், தாராபுரம் பக்கமெல்லாம் மழை மறைவுக் காடு என்பது உங்களுக்குத் தெரியும். பத்து நாள் அடைமழை வருஷா வருஷம் பெய்த ஊரில் எதற்கு நாலு மைல் நடக்க வேண்டும்?

அக்டோபர் பனி ஏன் அவ்வளவு சேதம் பண்ணுகிறது, நாங்கள் என்ன தயாரிப்போடு போக வேண்டும் என்பது முதல் கேள்வி. பெரியவர்கள் சொல்வதில் எது உண்மையாக நடந்தது என்று கண்டுபிடிக்க ஏதாவது வழி இருக்கிறதா என்பது அடுத்தது. தெரிந்தவர்கள் சொல்லுங்க.


கோபிக்காரி, இப்போது கனெக்டிகட்:

வணக்கமுங்கய்யா. முதலில் பேரனோ பேத்தியோ நல்லபடியாகப் பிறக்கட்டும்.

பாட்டியம்மா சொன்னது நூற்றுக்கு நூறு நடந்தது. 2006 அக்டோபர் 12, 13 தேதிகளில் பஃபலோ விமான நிலையத்தில் 22.6 அங்குலம், அதாவது 57 சென்டிமீட்டர் பனி விழுந்தது. அதற்கு முன் அந்த ஊரில் எந்த அக்டோபர் பனியும் இதில் பாதியைக்கூட எட்டியதில்லை. ஏறக்குறைய 4 லட்சம் வீடு, கடைகளுக்குக் கரண்ட் போனது.

ஏன் அக்டோபர் பனி மோசம் என்றால், மரத்தில் இலை இருக்கும், அதுதான். ஜனவரியில் மொட்டைக் கிளையாக நிற்கிற மரத்தில் பனி வழுக்கிக் கீழே போய்விடும். அக்டோபரில் ஒவ்வொரு இலையும் பனியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதோடு அந்தப் பருவத்தில் விழுவது ஈரப்பனி. வழக்கமாகப் பத்து அங்குலப் பனியை உருக்கினால் ஒரு அங்குலத் தண்ணீர் வரும் என்பார்கள், ஈரப்பனியில் ஐந்தாறு அங்குலத்திலேயே அவ்வளவு தண்ணீர் இருக்கும். அந்தக் கனம் கிளையை முறிக்கும், கிளை கம்பிமேல் விழும், ஊரே இருண்டுவிடும். பஃபலோவில் அப்போது போன மரங்களுக்காக அப்புறம் தன்னார்வலர்கள் சேர்ந்து வருஷக்கணக்கில் புது மரம் நட்டார்கள்.

பஃபலோவுக்கு என்று ஒரு தனிக் காரணமும் உண்டு, எரீ ஏரி. கோடையில் ஏறின சூடு ஏரித் தண்ணீரில் அக்டோபர் வரைக்கும் இருக்கும், 2006ல் 16, 17 டிகிரி செல்சியஸ் இருந்தது. மேலே கடுங்குளிர்க் காற்று ஏரியின் நீளவாக்கில் ஓடி வரும்போது வெதுவெதுப்பான தண்ணீரிலிருந்து ஈரத்தை எடுத்துக்கொண்டு போய்க் கரையில் கொட்டும். அந்த மேகம் ஒரு பட்டையாக வரும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். பட்டைக்குள் இருக்கிற தெருவில் முட்டி அளவு, கொஞ்ச மைல் தள்ளினால் ஈரத் தரை. 2006ல் நகரமும் கிழக்கு, வடகிழக்குப் புறநகர்களும்தான் அதிகம் அடிபட்டன. வீட்டு ஓனர் அப்போது தெற்குப் பக்கம் குடியிருந்தாரா என்று கேட்டுப் பாருங்கள். ஒரே ஊர்க்காரர்கள் இரண்டு விதமாகப் பேசுவதற்கு இது ஒன்றே போதும்.

நான் பார்த்தது 2011 அக்டோபர் 29. ஹாலோவீனுக்கு இரண்டு நாள் முன்னால். எங்கள் மாநிலத்தில் மட்டும் 8 லட்சத்துக்கு மேல் இணைப்புகள் போயின, வடகிழக்கு முழுவதும் சேர்த்தால் 30 லட்சத்துக்கு மேல். ராத்திரி முழுக்க வெளியே கிளை முறிகிற சத்தம், ஒவ்வொன்றும் வேட்டுப் போட்ட மாதிரி கேட்டது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது, மின்சாரக் கம்பெனிக்குப் போன் போட்டால் இன்று வரும் நாளை வரும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பழைய ஞாபகத்தைப் பற்றியும் கேட்டீர்கள் இல்லையா. அதே 2011 ஆகஸ்ட் 28 அன்று ஐரீன் புயல் இந்தப் பக்கம் வந்தது, அதிலும் கரண்ட் போனது. இன்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இரண்டையும் ஒன்றாக்கித்தான் சொல்கிறார்கள். பிரிட்ஜில் இருந்த சாமான் கெட்டது ஐரீனில், அது வெயில் காலம். அக்டோபரில் பால் பாக்கெட்டை வாசலில் பனிக்குள் புதைத்து வைத்தோம். ஆனால் பேசும்போது பாலும் பனியும் பிரிட்ஜும் ஒரே கதையில் வந்துவிடுகிறது.

தயாரிப்பு என்றால், வீட்டு ஹீட்டர் கேஸில் ஓடினாலும் அதன் விசிறிக்குக் கரண்ட் வேண்டும் என்பதை மாப்பிள்ளைக்கு ஞாபகப்படுத்துங்கள். கரண்ட் போனால் கரி அடுப்பையோ ஜெனரேட்டரையோ வீட்டுக்குள்ளும் கார் ஷெட்டிலும் ஒருபோதும் வைக்க வேண்டாம். 2011ல் எங்கள் மாநிலத்தில் அப்படி வைத்து, கார்பன் மோனாக்சைடு வாயு ஏறி உயிரிழந்தவர்கள் உண்டு. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. பேட்டரியில் ஓடும் எச்சரிக்கைக் கருவி கடையில் கிடைக்கும், பிரசவத்துக்கு முன்பே மாட்டிவிடச் சொல்லுங்கள்.


நாமக்கல் டிரைவர்:

நானும் இதில் ஒரு வார்த்தை சொல்கிறேன். அமெரிக்கா எனக்குத் தெரியாது, காஷ்மீர் தெரியும். ஆப்பிள் லோடுக்குப் பல வருஷம் போயிருக்கிறேன்.

2019 நவம்பர் 7 அன்று காஷ்மீரில் பனி கொட்டியது. அங்கே டிசம்பர் கடைசியில், ஜனவரியில்தான் பெரிய பனி எதிர்பார்ப்பார்கள். நவம்பர் முதல் வாரத்தில் ஆப்பிள் மரத்தில் இலை அப்படியே இருந்தது, பல தோட்டத்தில் காயும் பறிக்காமல் நின்றது. அந்த அக்கா சொன்ன அதே கதைதான், இலையில் பனி ஏறி மரம் நடுவில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஒரு ஆப்பிள் மரம் நல்ல காப்புக்கு வரப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். ஜம்மு ஸ்ரீநகர் ரோடு அடைத்துவிட்டார்கள், ஜவஹர் டனலுக்கு இரண்டு பக்கமும் லாரி வரிசை. டீசல் உறைந்துவிடும் என்று இன்ஜினை ஆஃப் பண்ணாமல் விடிய விடிய ஓடவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

சோபியானில் ஒரு தோட்டக்காரர், வயசானவர், என் கையைப் பிடித்துக்கொண்டு "என் வாழ்நாளில் நவம்பரில் இப்படி விழுந்ததில்லை" என்று கண்ணீர் விட்டார். அவர் மனசு எனக்குப் புரிந்தது. ஆனால் அதற்கு முந்தின வருஷம், 2018 நவம்பர் 3 அன்றும் அங்கே பனி விழுந்து தோட்டம் சேதமானது, அப்போதும் நான் லோடுக்குப் போயிருந்தேன். அந்த வருஷம் அவர் தோட்டம் தப்பித்துக்கொண்டது, அதனால் அவர் மனசில் அது பதியவே இல்லை. அதே ஊரில் 2018ல் மரத்தைப் பறிகொடுத்த இன்னொருவர் நாளும் நேரமும் பிசகாமல் சொன்னார். அப்புறம் 2021 அக்டோபர் 23 அன்று மறுபடியும் விழுந்தது. இப்போது அங்கே "இது வருஷா வருஷம் வருவதுதான்" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். உலகம் சூடாகிறது சூடாகிறது என்கிறார்களே, அப்படியானால் பனி எப்படி முன்னாடியே வருகிறது?


உடுமலை வாத்தியார்:

டிரைவர் தம்பி எழுதியதுதான் இந்த விஷயத்துக்கே அடிப்படை. யாருக்கு நஷ்டம் வந்ததோ அவர் மனசில்தான் அந்த மழை நிற்கும். நான் பள்ளியில் புவியியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன், வீட்டு மொட்டை மாடியில் மழைமானி வைத்துத் தினமும் குறித்து வருகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாக எழுத அனுமதியுங்கள்.

முதலில் உங்கள் சந்தேகம் தம்பி. சூடு ஏறுவது என்பது பல வருஷங்களின் சராசரி. ஒரு வாரக் குளிர் அலை அதைப் பொய்யாக்காது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும், ஏரியும் கூடுதல் நாள் வெதுவெதுப்பாக இருக்கும். அந்த நேரத்தில் வடக்கிலிருந்து ஒரு குளிர்க்காற்று இறங்கினால் கொட்டுவது பெரிதாகத்தான் இருக்கும். குளிர்காலத்தின் மொத்தப் பனி நாட்கள் குறைந்துகொண்டே வந்தாலும் இப்படி ஒரு நாள் வரலாம்.

அடுத்து வீட்டு ஓனர். ஹாலோவீன் என்பது அக்டோபர் 31, தேதி மாறாத பண்டிகை. பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் நாள். அன்று பனியில் நனைந்த பிள்ளை அதைச் சாகும் வரை மறக்காது. மினசோட்டா மாநிலத்தில் 1991 ஹாலோவீன் அன்று தொடங்கி நவம்பர் 3 வரை கொட்டிய பனி மினியாபொலிஸ் பக்கம் 28.4 அங்குலம், டுலூத்தில் 36.9 அங்குலம். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது நாற்பது வயது. ஹாலோவீன் என்றாலே பனி என்று அவர்கள் சொன்னால் பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன், ஒரு வருஷத்தை எல்லா வருஷத்தின் மேலும் விரித்துவிட்டார்கள். இன்னொன்றும் உண்டு. ஆறு வயதுப் பிள்ளைக்கு முட்டி வரை இருந்த பனி, அதே பிள்ளை வளர்ந்த பிறகு கெண்டைக்கால் வரைக்கும்தான் வரும். நினைவில் அளவுகோல் முட்டிதான், அதனால் பழைய பனி எப்போதும் ஆழமாகவே இருக்கும்.

நமக்கு தீபாவளி. "தீபாவளிக்கு எப்பவுமே மழை" என்று நம் பக்கம் சொல்லாத வீடே இல்லை. ஆனால் தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடு வரை ஒரு மாசம் நகரும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். 2022ல் தீபாவளி அக்டோபர் 24, அந்த வருஷம் பருவமழை தொடங்கியதாக வானிலைத் துறை சொன்னது அக்டோபர் 29. அடுத்த வருஷம் தீபாவளி நவம்பர் 12, மழைக்காலத்தின் நடுவில். நனைந்த பட்டாசு ஞாபகத்தில் இருக்கும், காய்ந்த தீபாவளியில் மழையைப் பற்றி யார் நினைத்தார்கள்?

இப்போது உங்கள் அம்மா. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் நம் கொங்கு நாட்டில் மழை குறைந்துவிட்டது என்று சொல்பவர்களில் பாதிப் பேர் உண்மையில் கிணற்றைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது என் அனுபவம். அந்தக் காலத்தில் மழையைக் கண்ணால் பார்க்கிற இடம் கிணறு. எத்தனை படி முங்கியிருக்கிறது என்று பார்த்துத்தான் பருத்தியா, சோளமா என்று முடிவு பண்ணுவார்கள். நல்ல ஐப்பசிக்குப் பிறகு கிணறு ததும்பி, கமலை ஓட்டாமலேயே கைக்கு எட்டின வருஷங்கள் இருந்தன. அப்புறம் மோட்டார் வந்தது, ஆழ்குழாய் வந்தது, ஆயிரம் அடி போனோம். இன்று நல்ல மழை பெய்தாலும் திறந்த கிணற்றில் தண்ணீர் நிற்பதில்லை, ஏனென்றால் நிலத்தடி நீர்மட்டம் எங்கோ கீழே கிடக்கிறது. கிணறு காலியாக இருப்பதைப் பார்க்கிற பெரியவர் மழையே இல்லை என்கிறார். அவர் கண் பார்த்தது உண்மை, காரணம்தான் வேறு.

நிஜமாகவே மழை பொய்த்த வருஷமும் பதிவில் தெளிவாக இருக்கிறது. 2016ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. அது ஞாபகத்தின் கோளாறு இல்லை, தென்னை மொட்டையான காட்டைப் பார்த்தவர்கள் நாம் எல்லாரும்.

கண்டுபிடிக்க வழி கேட்டீர்கள். அம்மாவிடம் "எவ்வளவு மழை", "எந்த வருஷம்" என்று கேட்காதீர்கள். அந்த மழையின்போது யார் வயிற்றில் யார் இருந்தார்கள், எந்த மாடு ஈன்றது, யார் கல்யாணம் தள்ளிப்போனது, வீட்டில் ஓடா ஓலையா என்று கேளுங்கள். அதிலிருந்து வருஷத்தைப் பிடித்துவிடலாம். தமிழ் வருஷப் பெயர் சொன்னால் இன்னும் நல்லது, ஆனால் 60 வருஷத்துக்கு ஒருமுறை அது திரும்பும் என்பதைக் கவனிக்க வேண்டும். தாது வருஷப் பஞ்சம் 1876ல், அடுத்த தாது 1936ல். இரண்டையும் கலந்து பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வருஷம் கிடைத்துவிட்டால் அப்புறம் பதிவேட்டைப் பாருங்கள். இந்திய வானிலைத் துறை 1875ல் தொடங்கியது, பழைய தாலுகா மழைக்கணக்குகள் புத்தகமாகவே இருக்கின்றன. பார்க்கும்போது ஒன்று ஞாபகம் வையுங்கள், நம் நாட்டில் மழை அளப்பது காலை 8.30 மணிக்கு. 9ஆம் தேதி சாயங்காலம் பெய்த மழை 10ஆம் தேதிக் கணக்கில்தான் ஏறும்.


கொறங்காடு காங்கயம்:

வாத்தியார் ஐயா சொன்னதில் முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதிவேட்டை நீங்கள் தூக்கிப் பிடிப்பதை என்னால் அப்படியே ஏற்றுக்கொள்ள முடியவில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது.

எங்களுக்கு மானாவாரிக் காடும், கொறங்காடு என்கிற மேய்ச்சல் காடும்தான். கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரம், மாடும் செம்மறியும் ராப்பகலாக அங்கேயே கிடக்கும். சில வருஷத்துக்கு முன் ஒரு ஐப்பசி ராத்திரி எங்கள் காட்டில் மட்டும் இரண்டு உழவு மழை ஒரே மூச்சில் பெய்தது, கூடவே கிழக்கிலிருந்து பேய்க்காற்று. விடிந்து போய்ப் பார்த்தால் குட்டிகள் விறைத்துக் கிடந்தன. ஆடு முழுசாக நனைந்த பிறகு காற்று அடித்தால் தாங்காது. நிவாரணம் கேட்டு ஒரு ஆபீசுக்குப் போனால், மழைமானிக் கணக்கைத் திறந்து பார்த்து "அன்றைக்கு நாலு மில்லிமீட்டர்தான், நாலு மில்லியில் ஆடு எப்படிச் சாகும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மானி இருக்கிற இடத்துக்கும் என் காட்டுக்கும் நடுவில் இருபது கிலோமீட்டர். அவர்கள் காகிதத்தில் இல்லாத மழை என் ஆட்டைக் கொன்றது. நான் சொன்னது ஞாபகம், அவர்கள் சொன்னது பதிவு. எது நிஜமுங்க?

அமெரிக்காவில் இதே மாதிரி ஒன்று நடந்ததைப் படித்தபோது எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. 2013 அக்டோபர் 3 முதல் 5 வரை தெற்கு டகோட்டா மாநிலத்தின் மேற்கில். மாடுகள் இன்னும் கோடை மேய்ச்சல் காட்டிலேயே இருந்தன, குளிர்காலத்து அடர் ரோமம் வளர்ந்திருக்கவில்லை. முதலில் மழை பெய்து நன்றாக நனைத்துவிட்டது, அப்புறம் சுழற்றி அடிக்கிற காற்றோடு பனி. பல்லாயிரக்கணக்கான மாடுகள் செத்துப்போயின. காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நடந்து போய் வேலிமூலையிலும் ஓடையிலும் குவியலாக விழுந்து கிடந்தன. ஜனவரியில் அதைவிடப் பெரிய பனியை அதே மாடுகள் நின்றே தாங்கும். அந்த ஆட்களுக்கு மற்ற மாநில விவசாயிகள் சினைக் கிடாரிகளை லாரியில் ஏற்றிச் சும்மா அனுப்பி வைத்தார்கள். அந்தத் தேதியை அங்கே யாரும் பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

1977 நவம்பர் மழையை எங்கள் அப்பாரு சொல்வார், பிங்கள வருஷம் என்பார். அமராவதி பெருகி கரூருக்குள் புகுந்தது, திருச்சியும் முங்கியது. எங்கள் ஊரில் எத்தனை மில்லி என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறதோ தெரியாது. பழைய சாளையின், அதாவது காட்டு வீட்டின், சுவரில் தண்ணீர் நின்ற கோடு இருந்தது, அதுதான் எங்கள் பதிவேடு.


உடுமலை வாத்தியார்:

காங்கயத்தாருக்கு நடந்தது அநியாயம். இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மானி உங்கள் காட்டு மழையைச் சொல்லாது, அதிலும் நம் பக்கத்து ஐப்பசி இடிமழை ஒரு ஊரில் கொட்டி அடுத்த ஊரில் தூறக்கூட மாட்டாது. அதனால்தான் மானி இன்னும் நிறைய வேண்டும் என்கிறேன். வேளாண் பல்கலைக்கழகம் வட்டார அளவில் தானியங்கி நிலையங்கள் வைத்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அதுவும் போதாது. சாதாரண மழைமானி ஒன்றைத் திறந்த வெளியில் நட்டு, 8.30க்குப் பார்த்து நோட்டில் எழுதி, பெரிய மழையன்று பக்கத்துக் காட்டுக்காரர் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். செத்த ஆட்டையும் மானியில் நின்ற தண்ணீரையும் ஒன்றாகப் போட்டோ எடுங்கள். அந்த ஆபீசர் அதை ஏற்காமல் போகலாம், ஆனால் அடுத்த படியில் இருப்பவரிடம் பேச உங்கள் கையில் ஒன்று இருக்கும். சுவரில் இருக்கிற வெள்ளக்கோடும் நல்ல பதிவேடுதான், அதன் பக்கத்தில் வருஷத்தை வெட்டி வைக்கச் சொல்லுங்கள். பல ஆற்றங்கரை ஊர்க் கல்மண்டபங்களில் அப்படிச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.


வால்பாறை எஸ்டேட்:

எங்கள் எஸ்டேட் ஆபீசில் மழைப் புத்தகம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது, இன்னமும் அங்குலத்தில்தான் எழுதுகிறோம். பழைய ஆட்கள் "அப்போ ஆடியில் ஆறு நாள் லைன் வீட்டை விட்டு வெளியே வர முடியாது" என்று சொல்லும்போது புத்தகத்தை எடுத்துப் பார்ப்பேன். பெரும்பாலும் மழை நடந்திருக்கும், மாசம்தான் முன்னே பின்னே இருக்கும். ஒன்று மட்டும் கவனித்தேன், பெண்கள் சொல்கிற தேதிதான் அதிகம் சரியாக வருகிறது. இலை பறிக்கப் போகாமல் சம்பளம் விட்ட நாள் அவர்களுக்குத் தெரியும், விறகு ஈரமாகி அடுப்பு எரியாத நாளும் தெரியும்.


வெள்ளகோயில் தோட்டக்காரர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. வாத்தியார் சொன்ன மாதிரியே அம்மாவிடம் மாற்றிக் கேட்டேன். பத்து நாள் அடைமழையின்போது என் பெரியக்கா தொட்டிலில் இருந்ததாகவும், ஓலைச்சாளை ஒழுகி தொட்டிலை மூன்று இடம் மாற்றிக் கட்டியதாகவும் சொன்னார். தண்ணீருக்கு நாலு மைல் நடந்தது நான் வயிற்றில் இருந்தபோது. ஆக இரண்டும் நடந்திருக்கிறது, வேறு வேறு வருஷம். அக்கா பிறந்த வருஷத்துக்குத் தாராபுரம் கணக்கு எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். கிணற்றைப் பற்றி எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். ஆமாம், படியில் உட்கார்ந்துதான் துணி துவைப்போம், எந்தப் படி என்பதை வைத்துத்தான் மழையைப் பேசுவோம் என்றார்.

வீட்டு ஓனர் சின்ன வயதில் நகரத்துக்குத் தெற்கே மலையோர ஊரில் வளர்ந்தவராம், மகள் கேட்டுச் சொன்னாள். அங்கே லேசான பனி அக்டோபரிலேயே தூவுவது உண்டு என்றும், மரம் முறிகிற அளவுக்கு அவரும் பார்த்ததில்லை என்றும் இப்போது சொல்கிறாராம். வாசலில் கரண்ட் கம்பிக்கு மேலே சாய்ந்திருக்கிற மேப்பிள் கிளையைச் செப்டம்பரிலேயே வெட்டிவிட அவரே ஆள் சொல்லிவிட்டார்.

கோபிக்காரம்மா, இன்னும் ஒன்றே ஒன்று. பிரசவ வலி வருகிற நேரத்தில் அப்படி ஒரு பனி வந்துவிட்டால் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது?


கோபிக்காரி, இப்போது கனெக்டிகட்:

நல்ல கேள்விங்கய்யா, நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது. அந்த அளவு பனி என்றால் பெரும்பாலும் முன்கூட்டியே வானிலை எச்சரிக்கை வந்துவிடும், மாப்பிள்ளை போனில் அதை வரும்படி வைக்கச் சொல்லுங்கள். எச்சரிக்கை வந்த உடனே மகள் டாக்டருக்குப் போன் பண்ணி, தேதி நெருங்கியிருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வந்து தங்கவா என்று கேட்கட்டும். முன்கூட்டியே கேட்டால் அவர்கள் வழி சொல்வார்கள். பஃபலோ பக்கம் பெரிய பனிக்கு ரோட்டில் யாரும் வண்டி எடுக்கக் கூடாது என்று கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) நிர்வாகம் பயணத் தடை போடும். அந்த நேரத்தில் வலி வந்தால் காரை எடுக்க வேண்டாம், அவசர உதவி எண் 911க்குக் கூப்பிடட்டும், முடிந்தவரை ஆம்புலன்ஸ் அனுப்பப் பார்ப்பார்கள். பால் பவுடர், டயபர், டார்ச், போன் சார்ஜ் போட பேட்டரி, தடிக் கம்பளி எல்லாம் அக்டோபர் முதல் வாரத்துக்குள் வீட்டில் இருக்கட்டும். கம்பளியை ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு வராதீர்கள், இங்கேயே வாங்கலாம். அந்த எடைக்கு மகளுக்குப் பிரசவப் பத்தியச் சாமானை எடுத்து வாருங்கள், அதுதான் இங்கே லேசில் கிடைப்பதில்லை.